குழந்தைகளைப் பின்தொடரும் ஆய்வு

ஹைதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தின் வளாகம் இருக்கிறது. நவாப் ஜாபர் ஜங் 1901ஆம் ஆண்டில் நிறுவிய அந்நிலையம், பல நாடுகள் கூடி மேற்கொண்ட வான்வரைபடப் பணியில் பங்குகொண்டு, லட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்களை அளந்து பதிவு செய்தது. அதே வளாகத்தில் பொருளாதார, சமூக ஆய்வு மையம் இயங்கி வருகிறது. அங்கே ஒரு தலைமுறைக் குழந்தைகளின் வாழ்வு, அதே பொறுமையுடன், ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அம்முயற்சியைப் பற்றியதே இவ்வுரை.

சாதாரணக் கணக்கெடுப்பு என்பது நிழற்படம் போன்றது. இந்த ஆண்டில் எத்தனை குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள் என்று அது கூறும். இன்று மெலிந்திருக்கும் பிள்ளை ஐந்தாண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது, இடையில் அந்த வீட்டில் என்ன நேர்ந்தது என்பதை அதனால் கூற இயலாது. அதற்கு ஒரே குழந்தையிடம் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். பிரிட்டனில் 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களுள் 5,362 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் முதுமை எய்தும் வரை தொடர்ந்தனர். நம் தமிழகத்திலும், 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைத் தொடரும் ஆய்வு வேலூரில் நடைபெற்றுள்ளது.

பேகம்பேட் மையம் பங்குகொண்ட ஆய்வுக்கு ‘யங் லைவ்ஸ்’, அதாவது ‘இளம் வாழ்வுகள்’, என்று பெயர். எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 12,000 பிள்ளைகளைப் பற்றி 2002ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. இந்தியாவில் அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தில், ஒரு வயதை ஒட்டிய சுமார் 2,000 குழந்தைகளும், எட்டு வயதை ஒட்டிய சுமார் 1,000 சிறுவர் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். ஸ்ரீகாகுளம், அனந்தப்பூர், கடப்பை, மகபூப்நகர், ஹைதராபாத் முதலிய மாவட்டங்களில் இருபது இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. 2006-07, 2009, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் அவர்களை நாடிச் சென்றனர். 2014இல் மாநிலம் இரண்டாகப் பிரிந்த பின்னும் பணி நிற்கவில்லை. பெருந்தொற்றுக் காலமான 2020-21இல் தொலைபேசி வாயிலாக விசாரித்தனர்.

ஒவ்வொரு முறையும் பிள்ளையின் உயரமும் எடையும் அளக்கப்படும்; சொல்லறிவும் கணக்கறிவும் சோதிக்கப்படும். வீட்டில் நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மழை பொய்த்ததா, பெரியவர் எவரேனும் நோயுற்றாரா, இறந்தாரா என்றெல்லாம் கேட்கப்படும். பதில் கூறியவர்களின் பெயரும் ஊரும் வெளியிடப்படுவதில்லை. இவ்வேலையில் மிகக் கடினமானது, குடிபெயர்ந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே. பிழைப்பு நாடி ஊர்விட்டுச் சென்ற குடும்பத்தைத் தவறவிட்டால், எவருடைய நிலையை அறிய வேண்டுமோ அவரே கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இக்குழந்தைகளுள் பலர் தவழும் பருவத்திலேயே கடும் வறட்சியைக் கண்டனர். அவ்வீட்டுப் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியது. அதே காலத்தில், உச்சநீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டு ஆணையை அடுத்து, அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு பரவலாயிற்று. அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் ஆகிய மூவர் இப்பதிவுகளை ஆராய்ந்து, வறட்சியால் விளைந்த நலிவைப் பள்ளி உணவு பெருமளவு ஈடுசெய்தது என்று 2014இல் எழுதினர். முன்பு எடுத்த அளவு கையில் இருந்தமையாலேயே இதைக் கூற முடிந்தது. காமராஜர் காலத்தில் மதிய உணவையும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் உண்டு வளர்ந்த நமக்கு இம்முடிவு வியப்பளிக்காது. ஆயினும் அனுபவத்தில் அறிந்தது வேறு, அளந்து நிறுவியது வேறு. நிதி ஒதுக்குவோர் முன் நிற்கும்போது இரண்டாவதற்கே வலிமை மிகுதி.

மற்றொரு முடிவும் பெற்றோர்க்கு ஆறுதல் தருவது. ஒரு வயதில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் எல்லாரும் அப்படியே நின்றுவிடவில்லை. சிலர் பின்னர் தம் வயதினரை எட்டிப் பிடித்தனர். முதல் ஆண்டுகள் மிக முக்கியம் என்பது உண்மை. அதன்பின் எதுவும் பயனில்லை என்பது உண்மையன்று.

இவ்வாய்வுக்கு எல்லையும் உண்டு. ஏழை மக்கள் மிகுந்த இடங்களையே கருதித் தெரிந்தெடுத்தமையால், இதன் விகிதங்களை மாநிலம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தல் கூடாது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழர்க்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்களோடு பிள்ளையின் தாய் சேய் நல அட்டையையும் தடுப்பூசிக் குறிப்பையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எடையைத் தொடர்ந்து எழுதி வாருங்கள். ஆய்வாளர் எவரேனும் வாயிலில் வந்து நின்றால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று வினவுவது நம் உரிமை. விருப்பமில்லையேல் மறுப்பதும் உரிமையே. விளக்கம் நிறைவளித்தால் உண்மையான விடை கூறுங்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய ஒரு வரி, நாம் காணாத ஊரில் வேறொரு பிள்ளையின் தட்டில் சோறாகக்கூடும்.