வைக்கோலில் வெனிலா வாசம்

காய்ந்த வைக்கோலை உள்ளங்கையில் வைத்து எவ்வளவு கசக்கினாலும் நார் நாராகத்தான் பிரியும். அந்த விறைப்புக்குக் காரணம் லிக்னின். செடியின் செல்சுவருக்குள் சிமென்ட் மாதிரி புகுந்து இறுகிக்கொள்ளும் பொருள் இது. லேசில் மட்காது. பெரும்பாலான நுண்ணுயிர்கள் இதன் பக்கமே போவதில்லை.

இதை உடைப்பதில் பேர்போனவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். அதற்கான நொதி 1983-இல் பூஞ்சையில்தான் முதலில் அகப்பட்டது. பாக்டீரியாக்கள் மேல் அவ்வளவாகக் கவனம் விழவில்லை.

2011-இல் இங்கிலாந்தின் வார்விக், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், ரோடோகாக்கஸ் ஜோஸ்டி என்ற மண் பாக்டீரியாவிலும் அப்படியொரு நொதி இருப்பதைக் கண்டறிந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு அது லிக்னினின் பிணைப்புகளை அறுக்கிறது. மாங்கனீசும் சேர்ந்தால் வேலை இன்னும் சூடுபிடிக்கிறது. இந்த பாக்டீரியா முதலில் கிடைத்ததோ ஜப்பானில், லிண்டேன் பூச்சிமருந்து கலந்த மண்ணில். விஷத்திலேயே பிழைத்ததற்கு வைக்கோல் எம்மாத்திரம்!

லிக்னின் உடையும்போது நடுவழியில் வெனிலின் உருவாகிறது. ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதேதான். ஆனால் பாக்டீரியா அதையும் விட்டுவைக்காமல் தின்றுவிடும். 2013-இல் வார்விக் குழு, அப்படித் தின்ன உதவும் மரபணுவை மட்டும் நீக்கிவிட்டு, பாக்டீரியாவைக் கோதுமை வைக்கோலில் வளர்த்தது. வெனிலின் தேங்கியது. லிட்டருக்கு அதிகபட்சம் 96 மில்லிகிராம். கடைகளுக்கு வரும் வெனிலினில் பெரும்பகுதி பெட்ரோலியத்தில் தயாராவது. அதோடு விலையில் போட்டிபோட இந்த அளவு போதாது.