கொடாமையும் ஓர் அறம்



பசித்த உயிருக்கு உணவிடுவது அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாசலில் இடும் கோலத்து மாவு எறும்புக்கு. சமைத்த சோற்றில் முதற் பிடி காக்கைக்கு. இவ்வாறு பழகிய நம்மிடம், "இங்கு வாழும் உயிர்களுக்கு ஒரு பழத்துண்டும் கொடாதீர்கள்" என்று ஒரு காட்டின் காவலர் கூறினால் வியப்பாகத்தானே இருக்கும்? அத்தகைய காடு ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில் கோஸ்டாரிக்கா என்னும் சிறு நாடு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டிலே தன் படையைக் கலைத்துவிட்ட நாடு அது. அதன் பசிபிக் கரையில், கெபோஸ் என்னும் ஊருக்கு அருகில், மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்கா உள்ளது. அதன் நிலப்பரப்பு 20 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயினும், மழைக்காடும் வெண்மணற் கரையும் நீலக் கடலும் அங்கே ஒருங்கே கூடியிருக்கின்றன.

அப்பூங்காவில் கத்தீட்ரல் முனை என்றொரு குன்று கடலுள் நீண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் அது தனித் தீவாக இருந்தது. தீவைச் சுற்றி வளைந்து வந்த அலைகள், அதன் பின்புறத்தில் வேகம் குன்றித் தாம் சுமந்து வந்த மணலை அங்கே இட்டன. நெடுங்காலம் சேர்ந்த அம்மணல் பாலமாகித் தீவைக் கரையோடு பிணைத்துவிட்டது. அப்பாலத்தின் இருபுறமும் இரண்டு அழகிய கடற்கரைகள் இருக்கின்றன.

கரையோரத்து நிழலில் அமரும் முன் மரத்தை அறிந்து அமர வேண்டும். மாஞ்சினீல் என்னும் மரம் அங்கே வளர்கிறது. அதன் பால் உடம்பிற் பட்டால் கொப்புளிக்கும். மழை பெய்கையில் அதன் கீழ் ஒதுங்கினாலும் துன்பமே. சிறிய ஆப்பிளைப் போன்ற அதன் கனியோ கொடிய நஞ்சு.

காட்டினுள் அண்ணாந்து நோக்கினால், தேவாங்கைப் போலவே மெல்ல நகரும் 'சுலாத்' என்னும் விலங்கு கிளையில் தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். உண்ட இலை செரிக்கப் பல நாள் ஆகும் உடல் அதற்கு. கழிவு நீக்குவதற்கென்று வாரம் ஒரு முறையளவில்தான் அது தரைக்கு இறங்கும். தொலைவில் முழங்குவது ஊளைக் குரங்கு. கூட்டமாகத் தாவி வருவது ஒரு கிலோ எடையும் இல்லாத அணிற்குரங்கு. அங்குள்ள அணிற்குரங்கின் வகை, கோஸ்டாரிக்காவின் மத்தியப் பசிபிக் கரையையன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

இனி, நான் சொல்ல வந்த வெண்முகக் குரங்குக்கு வருவோம். இது மிக்க அறிவுடையது. பயணிகள் அன்போடு பழமும் ரொட்டியும் நீட்டினர். அது வாங்கி உண்டது. பிறகு கேளாமலே எடுத்தது; பையைத் திறந்து பறித்தது; தடுத்த கையைக் கடித்தது. மனிதர் கையிலிருந்து நோய்க்கிருமி குரங்குக்குச் செல்கிறது. சர்க்கரைப் பண்டங்கள் அதன் உடல்நலத்தைக் கெடுக்கின்றன. அதுமட்டுமன்று. காட்டுக் கனிகளை உண்டு, அவற்றின் வித்துகளைத் தொலைவில் கொண்டு சேர்ப்பது குரங்கின் தொழில். அது பயணியின் பையருகே காத்துக் கிடக்குமானால், அத்தொழிலை யார் செய்வார்? நாம் கொடுத்தது ஒரு துண்டுப் பழம். அதனால் காடு இழப்பதோ நாளைய மரம். ஆகவேதான் நுழைவாயிலில் பைகளைச் சோதித்துத் தின்பண்டங்களைத் தடுக்கின்றனர். வாரத்தில் ஒரு நாள் பூங்காவையே மூடி வைக்கின்றனர்.

இப்பூங்கா எளிதில் கிட்டியதன்று. அந்நிலத்தை வாங்கிய செல்வர், கடற்கரைக்குச் செல்லும் வழியைக் கதவிட்டு அடைத்தனர். கெபோஸ் மக்கள் பொறுக்கவில்லை. கதவைத் தகர்த்துத் தம் உரிமைக்காகப் போராடினர். அதன் பயனாக, 1972-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அரசு அதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

பூங்காவுக்கு வெளியே மற்றொரு துன்பம் இருந்தது. சாலை அமைக்க மரங்களை வெட்டியதால் காடு துண்டுபட்டது. சாலையைக் கடக்க மின்கம்பியைப் பற்றிய குரங்குகள் மாண்டன. 1999-ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுமியர் இருவர் சாலையோரத்தில் கைவினைப் பொருள்களை விற்று, அப்பணத்தைக் காட்டைக் காக்கும் பணிக்கு அளிக்கத் தொடங்கினர். அம்முயற்சி ஓர் அமைப்பாக வளர்ந்தது. சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. குரங்குகள் இன்று அவற்றின் வழியே அச்சமின்றிக் கடக்கின்றன.

நண்பர்களே, இரண்டு வகை அன்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழம் நீட்டிய அன்பு, கொடுத்தவருக்கு ஒரு நொடி இன்பம் தந்தது, குரங்கைக் கெடுத்தது. கயிறு கட்டிய அன்பு குரங்கின் கண்ணுக்கே தெரியாமல் நின்றது. அதன் உயிரைக் காத்தது. நம் மலைச்சாலைகளிலும் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழம் எறியும் காட்சி புதியதன்று. நாளை நீங்கள் ஒரு காட்டிற்குச் செல்வீர்களானால், கண்ணாரக் காணுங்கள், காதாரக் கேளுங்கள். கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். உயிர்களுக்கு எது நன்மையோ அதை ஆராய்ந்து செய்வதே அருள். அவ்வாறு ஆராயுமிடத்து, கொடாதிருப்பதும் சிற்சில வேளைகளில் கொடையே ஆகும்.