புதுமடத்தில் நிற்கும் வண்டி

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போனவர்), மறுநாள் காலையில் காரின் சாவியைத் திருப்புகிறார். 'டக் டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. புதுமடம், உச்சிப்புளி, மண்டபம் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரை நெடுக வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது வழக்கமான கதை. புது பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். சில மாதம் கழித்து அதுவும் இறங்கிவிடும்.

இறங்கிப்போன பேட்டரிகளில் பல, கெட்டுப்போனவை அல்ல. மின்சாரம் வேறெங்கோ போகிறது, அல்லது வந்து சேரவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

முதலில் நிறுத்தி வைப்பதைப் பார்க்கலாம். சாவியை எடுத்த பிறகும் இன்றைய கார் முழுதாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், சென்டர் லாக், எஞ்சினின் கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை அது இயல்பு. ஆனால் அந்த இயல்பான அளவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி, பதினைந்து நாளில் பாதியாகிவிடும். வெளியில் வாங்கிப் பொருத்திய டேஷ் கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. ராமநாதபுரத்து வெயில் இதை வேகப்படுத்துகிறது.

'வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க' என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமுவதால், ஒரு வாரத்தில் இறங்கியது திரும்ப ஏறிவிடாது. அதைவிட நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பது எவ்வளவோ மேல். கடிகாரத்தின் நேரமும் ரேடியோவின் பதிவுகளும் அழியும், அது பெரிய காரியமில்லை. ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவுச் சாவி மட்டும் கையில் இருக்கவேண்டும்.

இரண்டாவது சங்கதி இந்த ஊருக்கே உரியது: உப்புக்காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு காலமெல்லாம் போராடியது இந்தக் காற்றோடுதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. 1953-இல் காரைக்குடியில் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை அளக்க மண்டபத்துக் கடற்கரையில் உலோகங்களை வெட்டவெளியில் வைத்துச் சோதித்தது. பாலத்தை அரிக்கும் காற்று, பானெட்டுக்குள்ளும் நுழைகிறது.

அங்கே அது இரண்டு வேலை செய்கிறது. பேட்டரியின் தலையில் உப்பும் ஈரமும் அழுக்கும் படிந்தால், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மேலோட்டமாகவே மின்சாரம் கசியும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து, மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேல் நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால் கசிவு இருக்கிறது. இன்னொரு வேலை, டெர்மினல்களிலும் பாடியோடு சேரும் எர்த் ஒயரிலும் அரிப்பைப் பூக்கவைப்பது. தொடர்பு கெட்டுவிட்டால், ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் முழுதாக ஏறாது. நெகட்டிவை முதலில் கழற்றி, சோடா உப்பு கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, டெர்மினலைத் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்க வேண்டும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் மட்டுமே. இங்குள்ள கிணற்று உப்புத்தண்ணீர் தகடுகளைக் கெடுத்துவிடும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்கவேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பாருங்கள்.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சரியாக இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக இறங்குகிறதா? நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைப் பத்து ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பவோ விளக்கைப் போடவோ கூடாது. கதவுகளை மூடிவிட்டு அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். கணினிகள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். பலர் அவசரப்பட்டுத் தவறு செய்வது இங்கேதான். அதன்பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, திருட்டு அந்தப் பாதையில் நடக்கிறது. டிக்கி விளக்கு அணையாமல் எரிவது கூடக் காரணமாக இருக்கும். எந்த ஃபியூஸுக்கும் அசையவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் டையோடு கசிகிறதா என்று எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லலாம்.

இத்தனையும் பார்த்து, முழுதாக சார்ஜ் ஏற்றிய பின்னும் பேட்டரி கடையின் லோடு சோதனையில் தோற்றால், அப்போது புதிது வாங்குவதுதான் சரி. பழையதை அந்தக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். அதிலுள்ள அமிலத்தை மணலில் கொட்டிவிடக் கூடாது. பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.