வாடகை வீடும் யாழ்ப்பாணப் பேச்சும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்தவர்களை வாரி அணைத்துக்கொண்ட ஊர் சென்னை. அதற்கு முந்தைய ஆண்டே தி.நகர் பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனும் பிளாட் தலைவர் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போதும் பரிவு முழுதாக வற்றிவிடவில்லை.

1991 மே 21 இரவு எல்லாம் மாறியது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். சதிகாரர்கள் சென்னையில் சாதாரணக் குடித்தனக்காரர்களைப்போல வாடகை வீடுகளில் தங்கியிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்ற கேள்வி மயிலாப்பூர், அடையாறுத் தெருக்களிலும் எழுந்தது. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். பயப்படக் காரணம் இருந்தது.

ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுந்தது? "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டால் வாய் திறக்கவே அஞ்சியவர்கள் தலையில். இலங்கைத் தமிழர் அனைவரும் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. குண்டுவீச்சுக்கும், அந்தப் புலிகள் இயக்கத்துக்குமே அஞ்சி ஓடிவந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை வைத்து ஒரு குடும்பத்துக்கு வீடு மறுப்பது பாதுகாப்பு ஆகாது, அநியாயம்.

1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. தங்கிவிட்டவர்களில் பல்லாயிரம் பேர் இன்றும் தமிழக முகாம்களில் இருக்கிறார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அவர்களில் பலருக்கு இந்தியக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை.