மாட்டுக்குப் பணம் கொடுத்தது யார்?



பழைய கிரேக்கத்தின் பலி என்றதும் எல்லோருக்கும் கத்தியும் ரத்தமும்தான் கண்ணில் படும். எனக்கு அதன் வரவு செலவுதான் சுவையானது. மாட்டுக்குப் பணம் யார் கொடுத்தார்கள்? கறி யாருக்குப் போயிற்று?

ஏதென்ஸ் இதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. கி.மு. 335 வாக்கில், ஆண்டுதோறும் நடக்கும் சிறிய பானத்தினையா விழாவுக்குப் பொது நிலத்தின் குத்தகைப் பணத்தில், 41 மினா வெள்ளிக்கு, பசுக்கள் வாங்கினார்கள். நகரத் தெய்வம் அதீனாவுக்குப் புகை. மக்களுக்குக் கறி, அதுவும் எந்த ஊர்ப்பிரிவு ஊர்வலத்துக்கு எத்தனை பேரை அனுப்பியதோ, அந்தக் கணக்குப்படி! தோலையும் விடவில்லை, பலி மாட்டுத் தோல் விற்ற காசைக் கருவூலத்தில் வரவு வைத்த கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

ரோமர் ஆட்சியில் செல்வர்கள் மடியை அவிழ்க்க வேண்டியதாயிற்று. போயோத்தியாவில் அக்ரைஃபியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே எபமினோண்டாஸ் என்றொரு செல்வர். தீப்ஸின் பழைய தளபதி அல்ல, அவர் பெயரைச் சுமந்தவர். கி.பி. 37-இல் ரோமப் பேரரசராகக் கலிகுலா பட்டத்துக்கு வந்தபோது, மற்றவர்கள் பின்வாங்க, இவர் போயோத்திய மக்களுக்காகத் தூது போனார். நின்றுபோயிருந்த ப்டோயா விழாவை மறுபடி நடத்தினார். காளையைப் பலியிட்டு விருந்து வைத்தார். குடிமக்களுக்கு மட்டுமா? வந்து குடியேறியவர்களுக்கு, அடிமைகளுக்கு! அவர் மனைவி பெண்களுக்குப் பந்தி போட்டார். அடிமைப் பெண்களுக்கும் அதில் இடம் இருந்தது. ஊர்ச்சபையில் வாய் திறக்க உரிமையில்லாதவர்களும் அன்று வயிறார உண்டார்கள். கைம்மாறாக ஊர் அவருக்கு நீண்டதொரு புகழ்க் கல்வெட்டு வெட்டியது. நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று பேசுகிற நான் அதைக் கேலி செய்யக் கூடாது.

பலியை ஒழித்தது 391-இல் கிறித்தவப் பேரரசர் தியோடோசியஸ் போட்ட தடை என்பார்கள். தடை மட்டும்தானா? அதற்கு முன்பே, 362-இல், பேரரசர் ஜூலியன், பழைய தெய்வங்களை மீட்கப் புறப்பட்டவர், அந்தியோக்கியாவை அடுத்த தாஃப்னேயில் அப்பொல்லோ திருவிழாவுக்கு ஆவலாக ஓடினார். பலி விலங்குகள், பாட்டு, தூபம், வெள்ளுடை இளைஞர்கள் என்று மனத்தில் பெரிய ஊர்வலமே ஓடியது. கோவிலில் ஒன்றும் இல்லை. நகரம் என்ன கொடுத்தது என்று கேட்டார். நகரம் எதுவும் கொடுக்கவில்லை. பூசாரிதான் தன் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்திருந்தார். இதை ஜூலியனே எழுதி வைத்திருக்கிறார். நகர மன்றத்தாரைப் பார்த்து அவர் பொரிந்து தள்ளினார்: உங்கள் வீட்டுப் பெண்கள் இருப்பதையெல்லாம் கிறித்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்; உங்கள் காசில்தான் அங்கே ஏழைகளுக்குச் சோறு!