இருதயத்தில் கட்டி: பயமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

(சிதம்பரத்தில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





‘இருதயத்தில் கட்டி’ என்று டாக்டர் சொன்னதுமே புற்றுநோய் என்று நினைத்து வீடே அழுகிறது. இருதயத்திலேயே உருவாகும் கட்டி மிக அரிது. அதிலும் பெரும்பாலானவை புற்று அல்ல. பெரியவர்களுக்கு அதிகம் வருவது ‘மிக்ஸோமா’. ஜெல்லி போல இருக்கும். பெரும்பாலும் இடது மேலறையில் ஒரு காம்பில் தொங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

புற்று இல்லையென்றால் விட்டுவிடலாமா? கூடாது. அந்தக் கட்டி ஆடி வந்து வால்வின் வாயை அடைக்கும். மூச்சு வாங்கும், படபடக்கும், மயக்கம் வரும். சிலருக்கு உட்கார்ந்தால் திணறும், படுத்தால் குறையும். தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்போது அடிக்கடி தலை சுற்றினால் பித்தம் என்று இருந்துவிடாதீர்கள். காரணம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். சிலருக்கு விடாத காய்ச்சலும் உடல் மெலிவும்தான் அடையாளம்.

ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் வால்வு சுருக்கம் போலவே இருக்கும். ஈசிஜி மட்டும் போதாது. எக்கோ எடுக்க வேண்டும். ஊசியில்லை, வலியில்லை. நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள். கட்டி ஆடுவது திரையிலேயே தெரியும்.

மிக்ஸோமா மாத்திரையில் கரையாது; அறுவை சிகிச்சைதான். 1954இல் சுவீடனில் டாக்டர் கிராஃபோர்டு, இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். இன்று காம்பின் அடியோடு வெட்டி எடுக்கிறார்கள். மறுபடி வளர்வது அரிது. ஆனாலும் டாக்டர் சொல்லும் காலத்தில் எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வரும் கட்டி வேறு வகை; பல தானாகவே சுருங்கிவிடும். அவர்களுக்கு டாக்டரின் கண்காணிப்பு போதுமா என்பதை அவரே சொல்வார்.

‘நோன்பு முடியட்டும், மகள் நிக்காஹ் முடியட்டும்’ என்று தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு நோற்கலாம். துஆவும் செய்யுங்கள், சிகிச்சையும் செய்யுங்கள்.

செலவுக்காக நகையை விற்க ஓடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு இன்றே பதிந்து வையுங்கள். அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தூரமில்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.