காசித்தும்பை



கடலும் களப்பும் சூழ்ந்த கொக்கிளாயில் நின்றுகொண்டு, மலையடிவாரத்துப் பூவொன்றைப் பற்றி நாம் பேச முற்பட்டது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் அப்பூ நமக்கு அந்நியமன்று. மாரி காலத்தில் கிணற்றடியிலே செம்மையும் வெண்மையுமாய்ப் பூத்து நிற்கும் காசித்தும்பையே அது.

பெயரில் தும்பை இருப்பினும், சிவபெருமானுக்கு நாம் சாத்தும் வெண்தும்பைக்கும் இதற்கும் உறவில்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. இதன் இனத்துக்கு இலத்தீனில் இம்பேஷன்ஸ் என்று பெயர். பொறுமையற்றது என்பது பொருள். முற்றிய காயைத் தொட்ட மாத்திரத்தே அது வெடித்து, தோல் சுருண்டு, விதைகளைத் தூர வீசிவிடும். சிறுவயதில் அதை வெடிக்கச் செய்து விளையாடாதவர் இச்சபையில் உளரோ?

இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களுள் அடங்கும். இவ்வினத்தில் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஈரமும் நிழலும் பெரும்பாலானவற்றுக்கு உயிர். நமது மலைநாட்டு ஓடைக்கரைகளிலே, வேறெந்நாட்டிலும் காணப்படாத வகைகள் பல வளர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அக்காடுகள் வெட்டப்பட்டன. மரம் போக நிழல் போயிற்று. நிழல் போக ஈரம் போயிற்று. அவ்வகைகளுட் சில இன்று தேடினாலும் எளிதில் அகப்படா.

காசித்தும்பை ஓராண்டுச் செடி. வள்ளிக்கொடி பட்டுப்போனாலும் மண்ணுக்குள்ளே கிழங்கு காத்திருக்கும். இதற்கு அந்த வசதி கிடையாது. அதன் சொத்தெல்லாம் விதையே.

1984ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வூரார் இடம்பெயர நேர்ந்ததை மூத்தோர் அறிவர். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடிய வேளையில் பூவிதையை யார் நினைப்பார்? போர் 2009இல் முடிந்து, அதன்பின் ஊர் திரும்பியபோது, அம்மம்மா காட்டிய கிணற்றடியைப் பற்றை மூடிக் கிடந்தது. கிணற்றையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது; பூவை யார் தேடுவது! பின்னர் உறவினர் வீட்டிலிருந்து ஒரு சரை விதை வந்தது. அதைத் தூவிய நாளில் அம்மம்மா பேசிய பேச்சு, பூவைப் பற்றியதாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

களப்பின் பறவைகளுக்கு 1951இலேயே சரணாலயம் கிடைத்துவிட்டது. முற்றத்துப் பூவுக்கு நாமே காவல். காய் பச்சை மங்கி வெளிறத் தொடங்கும்போது, வெடிக்குமுன் உள்ளங்கைக்குள் பொத்திப் பறியுங்கள். நிழலில் உலர்த்தி, கடதாசியில் மடித்து வையுங்கள், ஈரம் படலாகாது. முதல் மழைக்குத் தூவினால் போதும்.

விதை வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வரலாம். ஐந்தாறு சரைகள் கட்டிக் கொண்டுவந்திருக்கிறோம்.